இடுப்பில் குடம், பின்னால் திடல்

பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதிய கடிதம் இம்மாத முதல் வாரத்தில் வந்தது. கடிதத்தில் தேதி இல்லை. உறையின் மேலிருந்த முத்திரையும் பாதிதான் விழுந்திருந்தது. அதிலிருந்து சில வரிகள்:

“எங்கள் தெருவில் தேங்காய் மண்டி வைத்திருப்பவர் வீட்டுக் கூடத்தில் கண்ணாடி போட்ட பழைய படம் ஒன்று தொங்குகிறது. கறுப்பு மையில் அச்சானது. ஒரு மேடு, மேட்டில் இரண்டு மூன்று குடிசைகள், முன்னால் இடுப்பில் குடத்தோடு ஒரு பெண். உங்கள் தொடரில் முன்பொரு வாரம் பழைய படப் புத்தகம் ஒன்றைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதிலுள்ள படமாக இருக்குமோ என்று தோன்றியது. எந்த ஊர் என்று வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை. அடியில் எழுத்து ஏதும் இருந்திருந்தால் அது பிரேமுக்குள் போய்விட்டது.”

ஒரு வரியோடு நான் நிறுத்திக்கொண்டது உண்மைதான். நிறுத்தியதற்குக் காரணம், அதற்கு மேல் எழுத மனம் வரவில்லை என்பதுதான்.

கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது புது வைக்கோலின் வாசனை. மாசி மாதத்துக் காலை. நான் அப்போது முடிகொண்டான் ஆற்றங்கரையில் ஒரு கிராமத்துத் தபாலாபீஸில் போஸ்ட்மாஸ்டர். சைக்கிளில் பாலத்தின் மேல் வரும்போது பார்க்கிறேன், வயலுக்கு நடுவில் மேடாக இருந்த திடல் முழுவதும் மஞ்சளாகப் பளபளக்கிறது. இருபது குடிசைக்கு மேல் இருக்கும். எல்லாவற்றுக்கும் கூரை மாற்றிக்கொண்டிருந்தார்கள். சம்பா அறுப்பு முடிந்த வைக்கோல். சுவர்களுக்கு மண் பூசி, அடியில் சுண்ணாம்புப் பட்டை அடித்து, வாசலில் கோலம்கூடப் போட்டிருந்தது.

வீரம்மா கீழே நின்று வைக்கோல் பிரிகளைக் கூரைமேல் இருந்த தன் கொழுந்தனிடம் எறிந்துகொண்டிருந்தாள். நாற்பதைத் தாண்டியவள். புருஷன் இல்லை. நடவு வரிசையில் முதலில் இறங்கும் முன்னத்தி அவள்தான், வாயும் அப்படித்தான்.

“என்ன வீரம்மா, திடலே கல்யாண வீடு மாதிரி இருக்கு?” என்றேன்.

“வூட்டப் பாக்க ஆபீசர் வர்றாருங்கய்யா. இந்தத் திடல்ல செருப்புக் காலோட ஏறி வந்த ஆபீசர் இதுவரைக்கும் யாரு இருக்கா? கறுத்துப்போன கூரையக் காட்டுனா நம்மள என்னா நெனப்பாரு?”

கையைத் தட்டிக்கொண்டு பாலத்துப் பக்கம் திரும்பினாள்.

“ஒங்க தபாலாபீசு ஓட்டுலயும் ரெண்டு எடத்துல ஒழுவுது. வைக்கோல் மிச்சம் கெடக்கு. போட்டு வுட்டுடவா?”

கூரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுப் போனேன்.

எடைக்கு வந்த புத்தகம்

படத்தைச் சொல்வதற்கு முன் புத்தகத்தைச் சொல்ல வேண்டும். இதற்குச் சில வருடங்களுக்கு முன் கும்பகோணத்தில் ஒரு பழைய பேப்பர் கடையில் அதை வாங்கினேன். ஏதோ பெரிய வீட்டைக் காலி செய்து அலமாரி அலமாரியாக வண்டியில் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். கடைக்காரர் அதைத் தராசில் போடவே தயங்கினார்.

“அட்டையே இல்ல சார். பொட்டலம் கட்டலாம்னா பேப்பர் அப்பளம் மாதிரி ஒடையுது. இத வாங்கிட்டுப் போயி என்னா பண்ணுவீங்க?”

“படிப்பேன்.”

“படிங்க, படிங்க” என்றார், நோயாளியிடம் பேசுகிற குரலில்.

அட்டையோடு தலைப்புப் பக்கமும் போயிருந்தது. ஆகவே புத்தகத்தின் பெயர், எழுதியவர் பெயர், அச்சான வருடம் மூன்றும் எனக்குத் தெரியாது. வெள்ளைக்காரர். வாய்க்கால் மராமத்து இன்ஜினியர். நாகப்பட்டினத்தில் இறங்கி மாட்டு வண்டியில் வந்ததாக எழுதுகிறார். ஆகவே இந்தப் பக்கம் ரயில் போடுவதற்கு முந்தைய காலம் என்று மட்டும் ஊகிக்கலாம். அதற்கு மேல் ஊகிப்பது தவறு.

வேலை வாய்க்கால் வெட்டுவது. ஆனால் ஓய்ந்த நேரத்தில் மனிதர் ஒரு நகரத்தைத் தேடியிருக்கிறார். சோழர்களின் பழைய தலைநகரான பழையாறையைத்தான். ஊரின் பெயர் இருக்கிறது, கோயில்கள் இருக்கின்றன, படைவீடு என்று முடியும் பெயர்களைச் சுமந்த சிற்றூர்கள் சுற்றிலும் இருக்கின்றன. நகரம் எங்கே? அவர் மேடு மேடாக ஏறி இறங்கியிருக்கிறார். செங்கல்லை அளந்திருக்கிறார். ஒரு கல்லைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது என்கிறார். ஊரார் அவற்றை எடுத்துப்போய்க் கொட்டில் கட்டுவதைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. நெல் முற்றும் பருவத்தில் உயரமான இடத்தில் நின்று வயலைப் பார்த்தால், பச்சைக்கு நடுவில் சில நேர்கோடுகள் மட்டும் முன்கூட்டியே மஞ்சளாகிவிடுகின்றன. அடியில் சுவர் இருப்பதால் அங்கே வேர் ஆழமாகப் போகவில்லை என்று எழுதுகிறார். ஒரு தை மாதம் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று நானே பார்த்தேன். திடலுக்குக் கிழக்கே இரண்டு கோடுகள் செங்குத்தாகச் சந்தித்துக்கொண்டன. சைக்கிளில் போன கர்ணம், “போஸ்ட்மாஸ்டருக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்தக் காலத்தில் எங்கும் சோழர் பேச்சுதான். ஆட்சி மாறியிருந்தது. அறுவடைக்குப் பின் ஒருமுறை ஆளும் கட்சிப் பேச்சாளர் ஒருவர் எங்கள் ஊருக்கு வந்து, நாம் நிற்கிற மண்ணுக்குக் கீழே மாளிகைகள் இருக்கின்றன, அவற்றைக் கட்டிய கைகள் நம் கைகள் என்று நீண்ட நேரம் பேசினார். குரல் நன்றாக இருந்தது. திடலிலிருந்து வந்தவர்கள் மேடைக்கு இடப்பக்கம் தரையில் உட்கார்ந்து கை தட்டினார்கள். மேடையில் மாலை வாங்கியவர் திடலின் சொந்தக்காரரான மிராசுதார். அதற்கு முந்தைய தேர்தல் வரை கதர்த் துண்டு போட்டிருந்தவர். இப்போது கரைத் துண்டு.

புத்தகத்தில் படங்கள் நிறைய. ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய தாள் ஒன்று. கல்லில் எழுதி அச்சடித்தவையா, செப்புத் தகட்டில் செதுக்கியவையா என்று சொல்லும் அறிவு எனக்கில்லை. இன்ஜினியர் போட்ட கோடுகளைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோயில் விமானம், மதகு, படித்துறை எல்லாம் அளந்து போட்டவை. மனிதர்கள்தான் அவருக்கு வரவில்லை. அதனாலோ என்னவோ, பல படங்களில் ஒரே பெண்தான் நின்றாள். இடுப்பில் குடம், வலக்கால் முன்னால், முகம் சற்றே திரும்பியிருக்கும். குளத்தங்கரையிலும் அவள், படித்துறையிலும் அவள், இடிந்த கோபுரத்தின் கீழும் அவள். படத்தின் அளவு தெரிவதற்காக இப்படி ஆளை நிறுத்துவது அக்காலத்து வழக்கம் என்று பிற்பாடு படித்தேன்.

சாய்ந்த கல்

வீரம்மாவின் தம்பி மலேயாவில் தோட்ட வேலைக்குப் போனவன். கடுதாசி வந்திருக்கிறதா என்று கேட்க மாதம் ஒருமுறையாவது வருவாள். ஒருநாள் மேஜையில் புத்தகம் திறந்திருந்தது. கம்பிக்கு வெளியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“அய்யா, அதச் சித்தத் திருப்பிக் காட்டுங்க.”

திருப்பிக் காட்டினேன்.

“இது நம்ம சாஞ்சான் கல்லுல்ல?”

படத்தில் மேட்டின் உச்சியில் ஒரு கல்தூண் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது. ஏதோ மாளிகை வாசலின் நிலைக்கல் என்பது இன்ஜினியரின் கருத்து. திடலிலும் அப்படி ஒரு கல் உண்டு. ஆடு கட்டுவார்கள்.

“கல்லுக்கு இந்தாண்ட கூரை தெரியுது பாருங்க. அது என் வூடு. இது எங்க மாமனாரு வகையறா” என்று விரலை வைத்தாள். பிறகு குடத்துப் பெண்ணிடம் வந்தாள். “இவ யாரு?”

“பேர் போடலம்மா.”

“எங்க ஆத்தாளுக்கு ஆத்தாளா இருப்பா. இடுப்பப் பாருங்க, எங்க வகையறா இடுப்புதான். தண்ணி தளும்புற மாதிரியே வச்சிருக்கா, சோம்பேறி.”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். கடுதாசி வந்திருக்கிறதா என்று கேட்காமலே போய்விட்டாள்.

மறுநாள் புத்தகத்தோடு திடலுக்குப் போனேன். கல் சாய்ந்திருந்த திசை படத்தோடு பொருந்தியது. படத்தில் கல்லின் தலையில் ஒரு உடைவு இருக்கிறது. அது பொருந்துகிறதா என்று சொல்ல முடியவில்லை. அந்த இடத்தில் ஆட்டுக் கயிறு உராய்ந்து உராய்ந்து வழவழப்பாகியிருந்தது. ‘பெரும்பாலும் இதுதான்’ என்று என் குறிப்பில் எழுதிக்கொண்டேன். ‘இதுதான்’ என்று எழுதவில்லை.

ஜூன் மாதத்துத் தேதி

பண்ணை நிலத்தில் குடிசை போட்டிருக்கும் விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையே சொந்தம் என்று புதுச் சட்டம் வந்திருந்தது. கீழத்தஞ்சை முழுவதும் கூலிக்கும் குத்தகைக்கும் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். மிராசுதாரோடு முறைத்துக்கொண்டால் அன்று மாலையே, “எம் மனையக் காலி பண்ணு” என்பார்கள். அந்த ஒரு வார்த்தையை அவர்கள் கையிலிருந்து பிடுங்குகிற சட்டம். வீரம்மா அதை எனக்கு விளக்கியது வேறு விதம்: “இனிமே சண்ட போட்டுட்டு வூட்டுக்குப் போயித் தூங்கலாங்கய்யா.”

சட்டத்தில் ஒரு தேதி இருந்தது. குறிப்பிட்ட ஒரு ஜூன் மாதத்து நாளில் அங்கே குடியிருந்திருக்க வேண்டும். திடல் ஜனங்கள் அதற்கு முன் எத்தனையோ ஜூன்களாக அங்கே இருந்தவர்கள். ஆனால் எதைக் காட்டுவது? வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தது. பட்டியலோ எல்லோரையும் ‘கீழத்தெரு’ என்று மொத்தமாகப் போட்டிருந்தது. கீழத்தெரு வேறு சர்வே எண். கர்ணத்தின் அடங்கல் கணக்கிலோ திடல் வெறும் தரிசு.

மிராசுதார் எதிர்மனு போட்டார். சட்டம் வருகிறது என்று தெரிந்தபின் விவசாயத் தொழிலாளர் சங்கத்தார் வெளியாட்களைக் கொண்டுவந்து குடிசை போட வைத்தார்கள், அதற்கு முன் அங்கே ஆடுதான் மேய்ந்தது என்பது மனுவின் சாரம். இதைப் பார்த்து எழுதத்தான் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார்.

அதற்குத்தான் கூரை மாற்றியது.

இன்ஸ்பெக்டர் கெட்ட மனிதர் இல்லை. திடல் முழுவதும் நடந்தார். இளநீர் குடித்தார். வீரம்மாவின் வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். விரலில் சுண்ணாம்பு ஒட்டியது. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே, “நல்லா வச்சிருக்கீங்க” என்றாராம். அன்று மாலை திடலில் அந்த இரண்டு வார்த்தைகளைப் பற்றித்தான் பேச்சு.

சங்கத்தின் கிளைச் செயலாளர் தங்கராசு அந்த வாரம் ஊரில் இல்லை. கூலிச் சண்டை வழக்கொன்றில் நாகப்பட்டினத்தில் வாய்தா. முப்பது வயது இருக்கும். வீரம்மாவுக்கு உறவில் மருமகன் முறை. இன்ஸ்பெக்டர் போன மறுநாள் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பாலத்துக்கு வந்தவன் அங்கேயே நின்றுவிட்டதை நான் தபாலாபீஸ் வாசலிலிருந்து பார்த்தேன். பிறகு ஓடினான். நான் பின்னால் போவதற்குள் திடலில் சத்தம்.

“யாரு ஒங்களக் கூரை மாத்தச் சொன்னது? யாரு சொன்னது?”

“ஏன்டா, ஒரு மனுசன் வூட்டுக்கு வந்தா வாச தெளிக்க மாட்டமா? விருந்தாளிய அழுக்குலயா ஒக்கார வப்பே?”

“அவன் விருந்தாளி இல்ல அத்தே! எத்தினி வருசமா இருக்கோம்னு பாக்க வந்தவன். அவனுக்கு நேத்திக்குக் கட்டுன வூட்டக் காட்டியிருக்கீங்க!”

வீரம்மாவுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அவள் முகத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை.

“பழைய வைக்கோல எங்க போட்டீங்க?”

“எருக்குழில.”

தங்கராசு எருக்குழிக்குப் போய் இரண்டு கையாலும் தோண்டினான். கறுத்து, பல மழையில் ஊறி, புகை படிந்து, பிசினாகிவிட்ட பழைய கூரை. ஒவ்வொரு வருடத்தின் வைக்கோலும் ஒன்றின் மேல் ஒன்றாக அதில் இருந்திருக்கும். மாட்டுச் சாணத்தோடு கலந்து கையில் வந்தது. அதை மறுபடி குழியிலேயே போட்டான்.

மற்றப் பக்கங்கள்

அந்த வாரக் கடைசியில் தங்கராசு தபாலாபீஸுக்கு வந்தான். அத்தை படத்தைப் பற்றிச் சொல்லியிருந்தாள்.

“சார், அந்தப் புஸ்தகத்த விசாரணைக்குத் தரணும். வெள்ளக்காரன் போட்ட படம். கல்லு இருக்கு, வூடு இருக்கு, ஆளு இருக்கு. இதுக்கு மேல என்னா வேணும்?”

“ஆள்தான் சிக்கல், தங்கராசு” என்றேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டினேன். குளத்தங்கரை. படித்துறை. இடிந்த கோபுரம். அவன் எல்லாவற்றையும் பார்த்தான். முதல் தடவை சிரித்தான், பிறகு சிரிக்கவில்லை.

“படத்துக்கு அடியில ஊர்ப் பேரும் கிடையாது. ‘தெற்கே உள்ள ஒரு மேடு’ன்னுதான் போட்டிருக்கார். கல்லு ஒண்ணுதான் சாட்சி.”

“மத்தப் பக்கத்த எவன் சார் புரட்டப் போறான்?”

“புரட்டினா?”

“புரட்டாட்டி?” என்று கேட்டான். “எங்ககிட்ட வேற எதாவது இருக்குதா, சொல்லுங்க. இருந்தா இத வுட்டுடறேன்.”

பழைய துணியில் புத்தகத்தைச் சுற்றிக் கொடுத்தேன்.

விசாரணை

பங்குனி வெயில். தாலுகா ஆபீஸ் கூடத்தில் ஒரு மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. திடல் ஜனங்கள் வெளியே புளியமரத்தடியில். உள்ளே தங்கராசு, வீரம்மா, இன்னும் சிலர். மிராசுதார் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். புத்தகம் என்னுடையது என்பதால் எனக்கும் தாக்கீது வந்திருந்தது.

விசாரணை அதிகாரி ஓய்வுபெறும் வயதில் இருந்தவர். படத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்து நெடுநேரம் பார்த்தார். கல்லைப் பார்த்தார், கூரைகளைப் பார்த்தார். தங்கராசு என் பக்கம் திரும்பினான். அந்தக் கணத்தில் மனை கிடைத்துவிடும் என்றுதான் எனக்கும் தோன்றியது.

மிராசுதாரின் வக்கீல் எழுந்தார். கும்பகோணத்துக்காரர். மரியாதையான மனிதர்.

“போஸ்ட்மாஸ்டர் சாருக்கு வணக்கம். இவ்வளவு அபூர்வமான புஸ்தகம் நம்ம ஜில்லாவுல இருக்கறதே எனக்குத் தெரியாது. கொஞ்சம் பாக்கலாமா?”

மெல்லிய தாள்களைக் கிழியாமல் தூக்கித் தூக்கிப் பார்த்தார். புத்தகத்தைக் கையாளத் தெரிந்தவர்.

“இது எந்த இடம் சார்?”

“கோயில் குளம்.”

“இந்தக் குடத்தோட நிக்கற அம்மா?”

“பேர் போடலைங்க” என்றேன்.

“சரி, இது?”

“படித்துறை.”

“அட, இங்கயும் வந்துட்டாங்களே!” அடுத்த பக்கம். “கோபுரத்தடி. நம்மளுக்கு முன்னாடியே வந்து நிக்கறாங்க!” கூடத்தில் சிரிப்பு. குமாஸ்தாக்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். வக்கீல் அதிகாரியிடம் திரும்பினார். “இந்த அம்மாவுக்கு எந்த சர்வே நம்பர்ல மனை வேணும்னு மனுதாரர் தரப்புலேர்ந்து சொன்னா, எங்களுக்கு ஆட்சேபணை இல்லீங்க.”

மிராசுதார் விசிறுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

வீரம்மா முன்னால் வந்தாள். தங்கராசு புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தான், உதறிவிட்டாள்.

“ஏங்கய்யா, ஒருத்தி நாலு எடத்துல தண்ணி தூக்க மாட்டாளா? எங்கள நீங்க நாலு ஊரு வயலுக்கும் நடவுக்கு ஓட்டுறீங்க. நாங்க எல்லா வயல்லயும்தான் குனிஞ்சு கெடக்கோம். அதுக்காவ எங்களுக்கு வூடே இல்லன்னு ஆயிடுமா?”

சிரிப்பு நின்றது. நின்ற இடத்தில் வக்கீல் தணிந்த குரலில் கேட்டார்: “வாஸ்தவம்மா. அந்த நாலுல எது வீடு? அதத்தானே நானும் கேக்கறேன்.”

மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை முன்பைவிடப் பெரிதாக.

அதிகாரி கையை உயர்த்தினார். “சிரிக்காதீங்க. படம் நெஜம்னே வச்சுக்குவோம். அது இந்தத் திடல்தான், அந்த அம்மா இவங்க பாட்டிதான். போஸ்ட்மாஸ்டர், இந்தப் படம் எந்தக் காலம்?”

“ரயில் வர்றதுக்கு முந்திங்க.”

“சட்டம் கேக்கறது ஜூன் மாசத்துத் தேதி ஒண்ண. அன்னிக்கி இவங்க அங்க குடியிருந்தாங்கன்னு இந்தப் படம் சொல்லுதா?”

“சொல்லலைங்க.”

வேறு எப்படிச் சொல்லியிருக்க முடியும்? தினமும் காலையில் தேதி முத்திரையைத் திருப்பி வைத்து வாழ்ந்தவன் நான். தேதி என்பது மனிதன் இருந்ததற்கு அடையாளம் என்று அதுவரை நினைத்திருந்தேன். நூறு வருடத்துக்கு மேல் இருந்தவர்களை ஒரு தேதியால் இல்லாமல் செய்ய முடியும் என்பதை அந்தக் கூடத்தில்தான் கண்டேன்.

பிறகு அவர் ரெவின்யூ இன்ஸ்பெக்டரின் அறிக்கையை வாசித்தார். கூரைகள் யாவும் புதியவை. சுவர்ப் பூச்சு ஈரம் காயாதது. குடிசைகள் அண்மையில் எழுப்பப்பட்டவையாகக் காண்கிறது.

அறிக்கையில் பொய் ஒரு வரிகூட இல்லை.

மண்

சித்திரையில் உத்தரவு வந்தது. மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வருவதற்கு முன் திடல் காலியாயிற்று. கூரைகளைப் பிரித்துத் தலையில் தூக்கிக்கொண்டு பாலத்தின் மேல் போனார்கள். வைக்கோல் இன்னும் மஞ்சளாகவே இருந்தது. அப்பீல் என்று தங்கராசு சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு அவன்மேல் இன்னும் இரண்டு வழக்குகள் வந்தன. அப்பீலுக்கான கெடு அதில் போய்விட்டது.

அடுத்த கோடையில் திடலை வெட்டினார்கள். முதலில் மாட்டு வண்டி, பிறகு டிராக்டர். மேட்டு மண் செங்கல் சூளைக்குப் போயிற்று. அடியிலிருந்து அகலமான பழைய செங்கற்கள் வந்தன. இரண்டு கையால் தூக்க வேண்டிய கற்கள். அவற்றை உடைத்து ரோட்டுக்குப் போட்டார்கள். எழுதவேண்டிய இடங்களுக்கெல்லாம் எழுதினேன். தங்கள் கடிதம் கிடைத்தது என்று ஒரே ஒரு பதில் வந்தது.

சாய்ந்த கல்லை ஒரு வாய்க்காலின் குறுக்கே மதகுக்குப் போட்டதாகச் சொன்னார்கள். எந்த வாய்க்கால் என்று கேட்டால் ஆளுக்கொரு வாய்க்கால் சொன்னார்கள். மேட்டை நிரவி நாற்று நட்டார்கள். இரண்டு மூன்று தை மாதங்கள் வரை அந்த நெல்லில் மஞ்சள் கோடுகள் தெரிந்தன. பின்னர் ஆழ உழுதார்கள். இப்போது ஒரே பச்சை. அங்கே நகரம் இருந்தது என்று சொன்னாலும் நம்ப ஆளில்லை; சேரி இருந்தது என்று சொன்னாலும் நம்ப ஆளில்லை.

புத்தகம் வெகுநாள் கழித்துத் திரும்பி வந்தது. அதே பழைய துணியில் சுற்றியிருந்தது. எழுத்துப் பக்கங்கள் எல்லாம் சரியாக இருந்தன. படங்கள் ஒன்றுகூட இல்லை. பிளேடால் அடியோடு நறுக்கியிருந்தது, கை நடுங்காத வேலை. யார், எங்கே, எப்போது என்பது எனக்குத் தெரியாது. மேலே மூடியிருந்த மெல்லிய தாள்களை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். அவற்றில் ஒன்றிரண்டில் மை ஒட்டி, வெளிச்சத்தில் பிடித்தால் படத்தின் நிழல் தெரிகிறது.

வீரம்மா ஆற்றுப் படுகையில் குடிசை போட்டாள். அது புறம்போக்கு. வெள்ளம் வந்தால் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவாள், வடிந்தால் திரும்பி வருவாள். ஒரு ஐப்பசி மழையில் தபாலாபீஸ் பக்கம் ஒதுங்கி நின்றாள். தலையெல்லாம் கூரைக் கறுப்பு வழிந்திருந்தது. நான் மாற்றலாகிப் போவதற்குச் சற்று முன்பு.

“கூரைய மாத்தக் கூடாதாம்மா? வைக்கோல் நான் வாங்கித் தர்றேன்” என்றேன்.

“வேணாங்கய்யா.”

“ஒழுகுதுல்ல?”

“ஒழுவட்டும். புதுசு போட்டா புதுசா வந்தவன்னு எழுதிப்புடுவாங்க. அது பாட்டுக்குக் கறுத்துக் கெடக்கட்டும்.”

எனக்குத் தெரிந்து அவள் அதன் பிறகு கூரை மாற்றவே இல்லை. ஓட்டை விழுந்த இடத்தில் பழைய சாக்கைச் சொருகுவாள். நான் மாற்றலாகிப் போன பின் அந்தக் கூரையின் கீழேயே, மார்ச்சளி கண்டு இறந்ததாகத் தங்கராசு ஒரு கார்டு எழுதினான். பிறகு அவனிடமிருந்தும் கார்டு வரவில்லை.

பட்டுக்கோட்டைப் படம்

வாசகிக்கு உடனே பதில் எழுதினேன். இரண்டு கேள்விகள். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் மேட்டின் உச்சியில் சாய்ந்த கல் இருக்கிறதா? பிரேமைக் கழற்றினால் அடியில் வரிசை எண் தெரிகிறதா?

வரிசை எண்ணைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. வரைந்த வரிசையில்தான் அவர் எண் போட்டிருப்பார்; புத்தகம் கையில் இருந்தபோது அதைக் குறித்துவைக்க எனக்குத் தோன்றவில்லை. குளத்திலும் படித்துறையிலும் நின்ற பெண்ணை இன்ஜினியர் எங்கோ ஒரு முறையாவது கண்ணால் பார்த்துத்தான் வரைந்திருக்க வேண்டும். மற்றப் படங்களில் அந்த முதல் படத்தைப் பார்த்து அவளையே திரும்ப வரைந்திருக்கிறார். அவர் முதலில் போட்ட படம் திடல் படமாக இருந்தால், அவள் அங்கே நின்றவள். அங்கிருந்துதான் மற்ற இடங்களுக்குப் போயிருக்கிறாள். நாலில் எது வீடு என்று அந்தக் கூடத்தில் கேட்கப்பட்ட கேள்விக்கு அது பதில். பதிலால் இனி யாருக்கும் ஒரு குழி அளவு மனையும் கிடைக்காது. கேட்டவர்கள் இல்லை, சிரித்தவர்கள் இல்லை, சொன்னால் காதில் வாங்க வீரம்மாவும் இல்லை. ஆனாலும் எழுதிக் கேட்டேன்.

நேற்றுப் பதில் வந்தது. உச்சியில் கல் மாதிரி ஒன்று தெரிகிறதாம்; ஈரம் பட்ட கறையாகவும் இருக்கலாமாம். படத்தை இறக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. பிரேம் பழசு, கழற்றினால் உடைந்துவிடும் என்கிறார்.

குடத்துப் பெண் எங்கள் திடலில் நின்றவளா, வேறெங்கோ நின்றவளைத் திடலுக்குக் கொண்டுவந்தாரா என்பதை நான் சரிபார்க்கவில்லை. சரிபார்க்க இனி வழியும் தெரியவில்லை. உறுதி செய்யப்படாத செய்தி என்ற குறிப்போடு இதை இங்கே வைக்கிறேன்.